மரியாவின் கோழிகள்

போன வெள்ளிக்கிழமை கோல்டிங் ரயில் நிலையத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவரின் சட்டையிலிருந்து கஞ்சா மணம் வந்தது. மற்றவர்கள் நாகரிகமாக விலகினார்கள். நான் ஓரடி நெருங்கிப் போனேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என்ன செய்வது, டென்மார்க்கில் என் முதல் வேலையே அந்த மணத்துக்குள்தான்.

பதற வேண்டாம். பிராண்டேக்கு வெளியே யென்ஸ் என்ற கிழவர் சட்டப்படி வளர்த்த, போதை ஏறாத கஞ்சா அது. விதைக்கும் எண்ணெய்க்குமான செடி. மருந்தே அடிக்காத இயற்கைத் தோட்டம். ஆனாலும் ஊரில் இருப்பவர்களுக்குத் 'தக்காளி' என்றே சொல்லிவைத்திருந்தேன். மனைவிக்குத் தொலைவில் ஓல்போர்க் வைத்தியசாலையில் வேலை. நான் கிழமை நாட்களில் தோட்டத்து அறையில் இருந்தேன். போன் எடுத்தால், "இப்ப கதைக்கேலாது, வேலை முடிய எடுக்கிறன்" என்பாள். வேலை முடிந்ததும் களைத்துத் தூங்கிவிடுவாள். மிகவும் தனியாக இருந்தேன். அதை அலங்கரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாள்தோறும் என்னோடு கதைத்த ஒரே மனிதர் யென்ஸ்தான். மொழிப் பள்ளியில் ஆறு மாதம் படித்த என் டேனிஷுக்காக ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். விளங்காவிட்டால் மறுபடி சொல்வார். மூன்றாம் தரமும் விளங்காவிட்டால் வெட்கத்தில் "யா, யா" என்று தலையாட்டிவிடுவேன். வினை அதில்தான் வந்தது.

அந்தக் கோடையில் மழையே இல்லை. மணல் நிலம், விடியற்காலை ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு இருந்த இடம் தெரியாது. செடிகளைச் சுற்றி வைக்கோல் பரப்பினோம். வெயில் ஏற ஏற இலைகளின் அடியில் செடிப்பேன் மொய்த்தது. வியாழக்கிழமை 'மரீயஹொன்ஸ்' வருகிறது என்றார் யென்ஸ். 'ஹொன்ஸ்' என்றால் கோழி. அது எனக்குத் தெரியும். மரியா பக்கத்து வீட்டுக்காரியாக்கும், பூச்சி கொத்த அவளுடைய கோழிகளை இரவல் வாங்குகிறாராக்கும் என்று நானே முடிவுகட்டினேன். கம்பி வலை தேடி அடைப்புக் கட்டி, தண்ணீர்ச் சட்டியும் வைத்தேன்.

வியாழனன்று அவர் வெளியே போயிருந்த நேரம் தபாலில் ஒரு பெட்டி வந்தது. திறந்தால் உமி, அதற்குள் நூற்றுக்கணக்கில் கறுப்புப் புழுக்கள். கோழித் தீன் பழுதாகிவிட்டது என்று கொதிநீர் ஊற்றினேன். கோழி புழுவும் தின்னும் என்பது அப்போது பார்த்து நினைவுக்கு வரவில்லை.

யென்ஸ் திரும்பி வந்து என் அடைப்பை நெடுநேரம் பார்த்தார். பொறிவண்டுக்கு டேனிஷில் 'மரீயஹொன்ஸ்' என்றுதான் பெயராம். நான் அவித்தது அதன் குஞ்சுப் புழுக்களான குடம்பிகளை. செடிப்பேனைத் தின்பதற்கென்று காசு கொடுத்து வரவழைத்தவை. அதைச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார். நான் பையை அடுக்கிக்கொண்டு மனைவிக்கு எடுத்தேன்.

"வேலை போயிட்டுது போல."

"ஏனப்பா, என்ன செய்தனீங்கள்?"

"கோழியள அவிச்சுப்போட்டன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

கதவு தட்டப்பட்டது. யென்ஸ் இரண்டு தெளிகருவிகளோடும் ஒரு போத்தல் பழுப்புச் சவர்க்காரத்தோடும் நின்றார். "நாளைக்கு. ஐந்து மணி. நீ. நான்."

மூன்று கிழமை, வெயில் ஏறுமுன், வரிசைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக இலைகளின் அடியில் சவர்க்காரத் தண்ணீர் அடித்தோம். ஒவ்வொரு பூச்சிக்கும் பெயர் சொன்னார். நான் "யா" என்றால் தெளிப்பதை நிறுத்திவிட்டு, "என்ன விளங்கியது? சொல்" என்பார். தோட்டத்தில் பாதி தப்பியது. மற்றப் பாதி காய்ந்தது. அடுத்த வருடம் அவர் விதைக்கவில்லை. நான் கோல்டிங்குக்கு வேலைக்கு வந்துவிட்டேன். அவரைப் பார்க்கப் போக வேண்டும், போக வேண்டும் என்றே வருடங்கள் போயின.

ரயில் நிலையத்தில் அந்த மணம் வந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காரை எடுத்துக்கொண்டு போனேன். தோட்டம் இருந்த இடமெல்லாம் சூரிய மின்தகடுகள். அவற்றின் கீழே செம்மறிகள் மேய்ந்தன. வீடு பூட்டியிருந்தது. பழைய எண்ணுக்கு அழைத்தேன். அவருடைய மகன் எடுத்தார். அப்பா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார், கடைசியில் அவருக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை, வீட்டை விற்கப் போகிறோம் என்று அந்தப் பக்கத்து ஆட்களைப் போலப் டேனிஷில் பாதிச் சொற்களை விழுங்கி ஒரே மூச்சில் சொன்னார். எதையும் அவர் எனக்காக மறுபடி சொல்லவேண்டி இருக்கவில்லை.