சாயக் கூடாத கதிரை

மகளின் பாடசாலை வாசலில் இன்று பெயின்ட் வாசம் அடித்தது. நாளைக்குக் கல்விப் பணிப்பாளர் வருகிறாராம், எல்லாப் பிள்ளைகளுக்கும் சம வாய்ப்பு என்று கதைப்பதற்கு. அந்த வாசம் எனக்குப் பழையது.

சுனாமியில் கடல் கொண்டுபோவதற்கு முன்பு நான் படித்த பள்ளிக்கூடம் கல்முனைக் கரையோரத்தில் இருந்தது. பாய் விரித்த மணல்தரை, காற்றில் சரசரக்கும் கிடுகுக் கூரை, பாடத்துக்கு மேலாகக் கேட்கும் அலை, தோணி தள்ளுகிறவர்களின் குரல். பணிப்பாளர் வரும் நாளில் மட்டும் ரவுனில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக் கதிரைகள் லேண்ட்மாஸ்டர் வண்டியில் வந்து இறங்கும். இரவல் என்று தெரியாமலிருக்க, முதுகுப்பலகையில் எழுதியிருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் மறையும்படி மண்ணிறப் பெயின்ட் அடிப்பார்கள்.

ஒருமுறை பெயின்ட் காயுமுன்னே அவர் வந்துவிட்டார்.

"சாயாம இருங்க புள்ளைகள்," என்றார் எங்கள் பள்ளிக்கூட அதிபர், மெதுவாக.

முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, கால்விரல்களை மணலில் ஊன்றி இருந்தோம். பணிப்பாளரோ நீளமாகப் பேசினார். எங்கள் முதுகுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"எல்லாருக்கும் கதிரை இருக்குதானே?"

"ஓம் சேர்," என்று எழும்பினோம். வெள்ளைச் சட்டைகள் பெயின்டிலிருந்து பிரியும் சத்தம் அவருக்கும் கேட்டது. பின்னால் வந்து எங்கள் முதுகுகளைப் பார்த்தார், கதிரையில் விரலை வைத்துப் பார்த்தார், பொக்கெட்டிலிருந்து எடுத்த லேஞ்சியில் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கதிரைகள் அன்று பின்னேரமே போயின. கறை வருடக் கடைசி வரைக்கும் எங்கள் முதுகில் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்: "உம்மா, நாளைக்குக் கதிரையில சாயக் கூடாதாம்."

"நல்லாச் சாஞ்சி இரி மகள்," என்றேன்.