அடிப்பிடித்த கலியாணப் படம்

பிரான்ஸ் நாட்டுக்குப் வீடியோப் படம் வெட்டி ஒட்டப் பழக்கியது பாரிசில், லா சப்பலில் இருந்த என் சமையல் குசினிதான். கொஞ்சம் கூடிப்போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். பிரான்ஸ் நாட்டை எடுத்துவிட்டு, பியர்ஃபித், பொண்டி, ஆர்ஜொந்தெய் என்று எங்கள் சனம் சிதறிக் கிடந்த நாலு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் வெட்டியது நான் இல்லை, ஸ்ரனிஸ்லாஸ். வீடியோ டெக் வைக்க மேசை கொடுத்ததும் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்ததும்தான் என் பங்கு. ஆனால் குசினி என்னுடையது. அதில் பொய் இல்லை.

ஸ்ரனிஸ்லாஸ் பேசாலைக்காரன். மன்னாரில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டினவன். அறுந்த ரீலை ஒட்டுவதும் அவன் வேலை. எந்த இடத்தில் துண்டு போனால் சனம் கதிரையை உடைக்கும், எந்த இடத்தில் போனால் ஒருவருக்கும் தெரியாது என்று அப்படியே படித்துக்கொண்டான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பாரிசுக்கு வந்து ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினான். எங்களவர் ஒருவர் லா சப்பலில் சாப்பாட்டுக் கடை திறந்ததும் அங்கே சமையலுக்குப் போனான். ஓய்வு நாட்களில் வாடகைக்கு வீடியோ கமெரா எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கலியாணம், பிள்ளைகளின் முதல்நன்மைப் பூசை என்று போய்வருவான்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஒருநாள் கடையில் ஒருவர் சோற்றை வாயில் வைக்குமுன்னமே உப்புக் கேட்டுவிட்டார். ஸ்ரனிஸ்லாஸ் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அந்த மனிதர் கடை பூட்டும்வரை வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் சொல்வது வழக்கம். உண்மையில் கால் மணித்தியாலம் இருந்திருப்பார்.

"படமும் கறியும் ஒரே வேலைதான், ரீச்சர்," என்பான். ஊரில் படிப்பித்தவள் என்பதால் இங்கேயும் எல்லோருக்கும் நான் ரீச்சர். "எல்லாத்தையும் வாங்கலாம். எதை விடுறதெண்டு தெரியாதவன் ரெண்டையும் தொடப்படாது. போன கிழமை ஒரு வீட்டிலை கலியாண வீடியோக் கசற் போட்டுக் காட்டிச்சினம். பரிசு குடுக்கிற ஆக்கள் வரிசையிலை வருகினம், வருகினம், வந்துகொண்டே இருக்கினம். சந்தையிலை வாங்கின பையை அப்பிடியே சட்டிக்குள்ளை கவிட்டு வைச்சமாதிரி. வாழைப்பழத் தோலும் கிடக்குது, பேப்பரும் கிடக்குது."

இந்தக் கதையை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான் பிழையாகிப் போனது.

எண்பத்தாறில், பியர்ஃபித்தில் தமையனோடு இருந்த பூரணிக்குக் கலியாணம் முற்றாகியது. தகப்பன் இல்லை. தாய் ஊரில், கரவெட்டியில், கால் ஏலாமல் படுக்கையில் கிடந்தார். இங்கே தமையன் இராஜேந்திரன் மட்டும்தான். மகளிடம் தாய் கேட்டது ஒன்றே ஒன்று: தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். அந்த நாளில் அதற்கு இருந்த ஒரே வழி கசற்தான். இங்கிருந்து யாராவது கொண்டுபோவார்கள். அங்கே டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்துப் போடுவார்கள். ஊரே வந்து பார்க்கும்.

இராஜேந்திரன் ஸ்ரனிஸ்லாசைப் படம் எடுக்கக் கேட்டான். மாப்பிள்ளையின் சித்தப்பா அரியரத்தினம் குறுக்கே வந்தார். மாப்பிள்ளைப் பகுதியில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சட்டி மூடியைத் திறந்து பார்க்கிற பிறவி.

"ஏன் ரெண்டு ஆள்?" என்றார். "கமெராவும் அவன் தூக்கட்டும், சமையலும் அவனே செய்யட்டும். ரெண்டும் ஒரே வேலை எண்டு அவன்தானே சொல்லித் திரியிறான்."

கூடி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் பல வருடம் யோசித்துக் கண்டுபிடித்த விஷயத்தை, பகிடிக்கு எடுத்து அவன் தலையிலேயே சுமத்துகிறார்களே என்று. ஸ்ரனிஸ்லாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். பூரணியின் தாய்க்காக.

கலியாணம் பொண்டியில் ஒரு மண்டபத்தில். விடியவே அவன் போய்ச் சமையலை முடித்துவிட்டான். ஐயரிடம் முகூர்த்த நேரம் கேட்டு, அதற்கேற்ற மாதிரி ஒவ்வொரு சட்டியாக இறக்கி மூடினான். பெரிய சாம்பார்க் கிடாரத்தை மட்டும் மெல்லிய நெருப்பில் விட்டுவிட்டு, குசினியில் நின்ற எல்லோருக்கும் சொன்னான்: "இதை ஒருத்தரும் தொடப்படாது. கிண்டவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கமெராவைத் தோளில் ஏற்றினான்.

மாப்பிள்ளைப் பகுதி ஏறிவந்த வான் வண்டி வழிதவறிப் பிந்தி வந்தது. ஐயர் மந்திரத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அரியரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு பிந்தினால் தங்கள் பகுதிக்கு மரியாதை இல்லை என்று எண்ணினாரோ என்னவோ, எழும்பிக் குசினிக்குள் போனார். கிடாரத்தைத் திறந்தார், கிண்டினார், நெருப்பை முழுதாக ஏற்றிவிட்டார்.

மேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். ஒருவன் ரேடியோவில் கெட்டிமேளக் கசற்றைத் தட்டினான். அதே நேரம் குசினிக் கதவால் கரும்புகை வந்தது. "நெருப்பு, நெருப்பு" என்று யாரோ கத்தினார்கள்.

ஸ்ரனிஸ்லாசின் கண் கமெராவில் இருந்தது. கால் சமையற்காரனுடையது. அது ஓடிவிட்டது.

கமெராவும் தோளில், ஓடிக்கொண்டேதான் இருந்தது. பிறகு போட்டுப் பார்த்தோம். மேளம் முழங்குகிறது, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஐயரின் குரல் கேட்கிறது. படத்திலோ மண்டபத்தின் கூரை, ஆட்களின் கால்கள், புகை, புகைக்குள் கையில் அகப்பையோடு அரியரத்தினம். பூரணிக்குத் தாலி ஏறிய நேரத்தில் அந்த நாடாவில் இருந்தது அவருடைய முகம்.

நெருப்பொன்றும் பிடிக்கவில்லை. கிடாரம் அடிப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஸ்ரனிஸ்லாஸ் திரும்பி வந்தபோது பூரணி மாலையும் தாலியுமாக நின்றாள். இராஜேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணை, அம்மாவுக்கு நான் எதைக் காட்டுறது?"

அரியரத்தினம் வேட்டியில் கரியைத் தட்டிக்கொண்டு வந்தார். "இதுக்கேன் அழுறாய்? கழட்டிப்போட்டு இன்னொருக்கால் கட்டச் சொல்லு. சினிமாவிலை அப்பிடித்தானே எடுக்கிறவை."

ஐயர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கட்டின தாலியைக் கழட்டுறதோ?" ஸ்ரனிஸ்லாசின் குரல் ஆர்ஜொந்தெய் வரைக்கும் கேட்டிருக்கும். சரி, பொண்டி ஸ்ரேசன் வரைக்கும். "ஐயா, நீங்கள் மூடியைத் திறந்தியள், சாம்பார் போச்சு. இப்ப இந்தப் பிள்ளையின்ரை கழுத்திலையும் கைவைக்கப் பாக்கிறியள். அடிப்பிடிச்சதைக் கிண்டினால் முழுக்கக் கருகல் மணக்கும். விடுங்கோ. மேலாலை அள்ளுவம்."

அப்படியே செய்தான். அடியைச் சுரண்டாமல் மேல் சாம்பாரை வேறு சட்டிக்கு மெல்ல அள்ளி மாற்றி, புதிதாகத் தாளித்துக் கொட்டினான். பந்தியில் ஒருவருக்கும் கருகல் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து பட்டினி கிடந்த பூரணி கூறைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாப்பிட்டாள். இன்னும் சாம்பார் கேட்டாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பளத்தையும் எடுத்தாள். ஸ்ரனிஸ்லாஸ் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அதையும் கமெராவில் எடுத்தான்.

கடை பூட்டியிருந்த நாள் ஒன்றில், என் குசினி மேசையில் இரவல் டெக் ஒன்றை என்னுடையதோடு இணைத்து வெட்டத் தொடங்கினான். ஒன்றில் ஓடவிட்டு, வேண்டிய இடத்தை மட்டும் மற்றதில் பதிய வேண்டும். வெட்ட வெட்ட அரியரத்தினத்தைத் திட்டிக்கொண்டே இருந்தான். நானும் சேர்ந்து திட்டினேன். திட்டுக்கு என்னிடம் நல்ல இலக்கணத் தமிழ் இருந்தது.

"பொறுங்கோ ரீச்சர்," என்றான் ஒரு கட்டத்தில். "கிடாரம்தானே இது. அடியைத் தொடாமல் மேலாலை அள்ளுவம்."

புகைக்கு முன்னால் பூரணி தலை குனிந்திருந்த இடத்தை எடுத்தான். பிறகு ஆட்கள் அறுகரிசி போட்டு வாழ்த்துகிற கைகள். பிறகு அவள் நிமிர்ந்து சிரிக்கிற முகம், கழுத்தில் தாலி. சத்தத்தைத் தனியே ஏற்றுகிற பொத்தான் ஒன்று அந்த டெக்கில் இருந்தது. கெட்டிமேளத்தை எடுத்து இந்தப் படங்களின்மேல் விட்டான். தாலி ஏறுவதைக் கண்டேன் என்றே நினைத்தேன். திருப்பிப் போட்டுப் பார்த்தால் அது இல்லை.

"பெருங்காயத்தை ஆர் கண்டது?" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

பியர்ஃபித்தில் இராஜேந்திரன் வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். கெட்டிமேளம் முடிந்ததும் அரியரத்தினம் தொடையில் தட்டினார். "பாத்தியளே, தாலி என்ன வடிவா விழுந்திருக்கு. சும்மா பயந்தியள்." பூரணி சாப்பிடுகிற இடம் வந்ததும் அவருடைய முகம் மாறியது. "இதென்ன வெக்கக்கேடு. பொம்பிளை அள்ளிச் சாப்பிடுறதை ஊருக்குக் காட்டுறதோ? வெட்டு. எங்கடை பகுதி பரிசு குடுத்ததெல்லாம் எங்கை? நான் எங்கை? என்னைப் போடு, அதை எடு."

"போடமாட்டன்."

"நீ குசினிக்காரன். சொன்னதைச் செய்."

"குசினிக்காரன் எண்டபடியால்தான் சொல்லுறன். நீங்கள் பாத்ததிலை தாலி கட்டுறது இல்லை, ஐயா. அந்த நேரம் கசற்றிலை இருந்தது நீங்களும் அகப்பையும். அதை எடுத்தெறிஞ்சுபோட்டுத்தான் இதைச் சமைச்சனான்."

அரியரத்தினம் எழும்பினார். இந்தக் கசற் ஊருக்குப் போனால் தங்கள் பகுதி ஆட்கள் ஒருவரும் இந்த வாசல் மிதிக்கமாட்டார்கள் என்றார். கசற்றைக் கொண்டு கொழும்புக்குப் போகிறவர் அடுத்த நாள் விமானம் ஏறவேண்டும். பூரணிதான் எழும்பிப் போனாள். டெக்கிலிருந்து கசற்றை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துப் பூட்டினாள்.

"இது என்ரை அம்மாவுக்கு," என்றாள். "உங்களுக்கு வேணுமெண்டால், சித்தப்பா, அவர் வேறை சமைச்சுத் தருவார். அகப்பையோடை."

அவளுடைய புருசன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். அரியரத்தினம் தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

கரவெட்டியில் ஊர் கூடி அந்தப் படத்தைப் பார்த்தது. தாலி ஏறியதைக் கண்டு தாய் கையெடுத்துக் கும்பிட்டார். முடிச்சை ஒவ்வொன்றாக எண்ணினார் என்று கேள்வி.

நான் எழுதிய இதை வாசித்துக் காட்டியபோது என் மேசைக்கு எதிரே பூரணி இருந்தாள். தாய் முடிச்சு எண்ணிய இடத்தில் என்னை மறித்துவிட்டாள்.

"ரீச்சர், அது பொய். கசற் கொண்டுபோனவர் திரும்பி வந்து என்னட்டைச் சொன்னவர். அம்மா ஒண்டையும் எண்ணேல்லை. தாலி கட்டுறது இல்லையெண்டு அவதான் முதல் பிடிச்சவ. 'கமெரா பிடிச்சவனுக்குக் கண் எங்கை போச்சுது?' எண்டு எல்லாருக்கும் முன்னாலை ஏசினவவாம். நான் இன்னும் சாம்பார் கேக்கிற இடத்திலைதான் வாயை மூடினவ. ஜெனரேற்றர்க்காரன் போகவேணுமெண்டு நிக்கிறான், அந்த இடத்தை மட்டும் இன்னொருக்கால் போடச் சொன்னவவாம்."