படகில் என் பெயர்

ஐந்து வருடங்களாக மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறேன். என் ஓவியங்கள் விற்காத மாதங்களில் வீட்டு வாடகை இதில்தான் போகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் ஒரு படகின் படத்தைக்கூடப் போட்டதில்லை. ஓவியர் என்று அழைக்கிற நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்ற கூச்சம்.

இன்று தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் செல்வி அக்கா வீட்டு விசைப்படகை முடித்தேன். முன்பக்கத்தில் பெரிய சுறா, அதையொட்டி அவர் மகளின் பெயர். சுற்றிவந்து பார்த்த அக்கா, "உன் பேரு எங்க?" என்று கேட்டார்.

"படகுக்கெல்லாம் போடறதில்லக்கா. ஓவியத்துக்கு மட்டுந்தான்."

"அப்ப இது என்னவாம்? மூணு நாளா வெயில்ல நின்னு நீதான வரைஞ்ச?"

கழுவி வைத்த தூரிகையை மறுபடி எடுத்தேன். சுறாவின் வாலுக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

"போன் நம்பரையும் போடு. கடல்ல நாலு பேரு பாப்பாங்க" என்றார் அக்கா.

போட்டுவிட்டேன். படம் கீழே இருக்கிறது.

நடுக்கடலில் சிக்னல் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.