குரல் பதில் என் யோசனை அல்ல

கௌரம்மா இறந்த செய்தி எனக்கு அலுவலகத்திலிருந்து வரவில்லை. நம் பயிற்சி மையத்தில் ஆன்லைனில் படிக்கும் தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. மாரடைப்பாம். மூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்த எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. துக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன பயன்?

நான் பொறியியல் படித்துவிட்டு விருதுநகர்ப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்தவன். அவர் பதினைந்து வருடம் மிஷினில் நின்றுவிட்டு, மாணவர்களுக்கு உதவ மையத்தில் சேர்ந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். பாடங்களைத் தயாரித்தது நான். சந்தேகத்துக்கு எல்லோரும் கூப்பிட்டது அவரை.

தரப் பரிசோதனைப் பாடத்தின் வீடியோக்களை முதல் அணி மாணவர்கள் ஒருவர் விடாமல் கடைசிவரை பார்த்திருப்பதாகக் கணினி காட்டியது. நிர்வாகத்திடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் செய்முறைத் தேர்வில் பாதிப் பேருக்கு வெர்னியர் அளவுகருவியில் அளவு பார்க்கத் தெரியவில்லை. கௌரம்மா போய் விசாரித்தார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வீடியோவை ஓடவிட்டு, கேட் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"போனுங்கதான் பாடம் கேட்டிருக்குதுங்க சார். அதுங்களுக்கே சர்ட்டிபிகேட் குடுத்துடலாம்" என்றார். அறையே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்களை நீக்கப்போவதாகக் கத்தினேன்.

"யாரையும் திட்டாதீங்க சார். வீட்டுக்குப் போனா சமையலு, துணி, புள்ளைங்க. எப்போ உக்காந்து கேப்பாங்க? பஸ்ல கேக்கற மாதிரி பண்ணுங்க."

என் ஒரு மணி நேர வீடியோக்களைக் கம்பெனிப் பேருந்துப் பயணத்துக்கு ஏற்றபடி சின்னச் சின்னதாக வெட்டச் சொன்னார். ஒவ்வொன்றின் முடிவிலும் விடையைத் தட்டுவதற்குப் பதிலாக, புரிந்ததைத் தங்கள் பேச்சில் சொல்லி அனுப்ப வேண்டும். எந்த மொழியானாலும் சரி. "இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?" என்று மூன்று வாரம் முட்டுக்கட்டை போட்டேன். அவர் ஒவ்வொரு பதிலையும் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருத்தினார். அடுத்த அணி வெர்னியரைப் பிடித்த விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த முறையை நிர்வாகக் கூட்டத்தில் விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "நான் வடிவமைத்த முறை" என்றேன். கௌரம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் சண்டைக்கு வருவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"நல்லா சொன்னீங்க சார். நானா இருந்தா பாதியில தெலுங்குக்குப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

துக்கத்துக்குப் போனபோது, குருபரப்பள்ளியில் அவர் வீட்டு வாசலில், ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர்களின் கூட்டம். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று எண்ணியபடி நின்றேன். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாய்ஸ்ல பதில் சொல்ற முறையைக் கொண்டாந்தது நீங்கதானே சார்? மேடம் எப்பவும் உங்களத்தான் சொல்லுவாங்க."

நான் தலையாட்டினேன். அங்கேயும் தலையாட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்: அது கௌரம்மாவின் முறை. முதலிலிருந்து கடைசிவரை அவருடையது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். ஒரு பாடத்தை முடித்ததும் இதை அவர் என்னைவிட நன்றாகச் செய்திருப்பார் என்று தோன்றுகிறது. கடுப்போடு மறுபடி உட்கார்ந்து திருத்துகிறேன்.

நேற்று என் புதிய பாடத்துக்கு முதல் பதில் வந்தது. போச்சம்பள்ளியிலிருந்து ஒரு பெண், பேருந்து இரைச்சலுக்கு நடுவே பேசினார். "நல்லா புரிஞ்சிதுங்க சார். மேடமே சொல்லிக் குடுத்த மாதிரி இருந்துச்சு."

வயிறு எரிந்தது. அப்புறம்தான், கௌரம்மா இறந்த நாளிலிருந்து வராத அழுகை வந்தது.