நேசமலரின் இடது மணிக்கட்டு

பாதி தைத்த வெள்ளைச் சட்டை மெசின் ஊசியில் குத்தியபடி கிடக்க, நேசமலர் எழும்பி ஓடுகிறாள். கழுத்தில் அளவு நாடா. உதட்டுக்கிடையில் இரண்டு குண்டூசி. காலில் ஒரு செருப்பு மட்டும். மற்றது மெசின் மிதிக்கு அடியில் எங்கேயோ. முற்றத்தைத் தாண்டி, மாட்டுக் கொட்டிலைச் சுற்றி, பின்வேலியடியில் போய் நிற்கிறாள். அங்கே அவளுடைய இரண்டு வயது மகள் கிருசாந்தி ஒரு கோழிக்கு எதையோ விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறாள். கோழியும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நேசமலர் குண்டூசிகளைக் கையில் எடுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, வந்த வழியே திரும்பி நடக்கிறாள்.

தர்மபுரத்தில் வாய்க்காலோரம் இருக்கும் அந்த ஒழுங்கையில் இதை இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "நேசம் ஓடுறா" என்றால் மணி எத்தனை என்று கூடக் கேட்கமாட்டார்கள். அவள் எந்த மணிக்கும் ஓடுவாள்.

அவளுக்குக் காது கேட்காது. இரண்டாயிரத்து ஒன்பதில், பதினெட்டு வயதில் போனது. அதைப் பற்றி அவள் சொல்வது ஒரே ஒரு வரி: "சத்தம் கூடிப்போச்சு, பிறகு நிண்டு போச்சு." மேற்கொண்டு கேட்டால் பிளவுசுக்குக் கை நீளம் எவ்வளவு வேணும் என்று கேட்பாள்.

உதட்டைப் பார்த்தே கதை முழுவதையும் பிடித்துவிடுவாள். மீசை பெரிதாக வைத்திருக்கும் ஆண்களைத்தான் பிடிக்காது. தன் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாததால், அவள் ரகசியம் சொன்னால் மூன்று வளவுக்குக் கேட்கும். கணவன் சுதாகரன் வவுனியாவில் மேசன் வேலை, சனிக்கிழமைகளில்தான் வருவான். இருவருக்கும் சண்டை வந்தால் ஒழுங்கைக்குக் கேட்பது அவளுடைய வசனங்கள் மட்டுமே. அதனால் ஒழுங்கை முழுவதும் அவளுடைய கட்சி. தோற்கப்போகிறாள் என்று தெரிந்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். உதடு தெரியாவிட்டால் வழக்கு முடிந்தது.

இப்படிப்பட்டவளுக்கு ஓட்டப்பந்தயம் தொடங்கியது மாசி மாதத்தில். பின்வேலிக்கு அப்பால் ஒரு பூவரசு. பூவரசிலிருந்து பத்து எட்டு வைத்தால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருகிற வாய்க்கால். தண்ணீர் திறக்காத காலம், வெறும் சீமெந்தும் சருகும். ஒருநாள் கிருசாந்தி வேலிக்குக் கீழால் நுழைந்து, அந்த விளிம்பில் போய்க் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். அடுத்த வளவு விமலேஸ்வரி தன் வீட்டு முற்றத்திலிருந்து கண்டுவிட்டா. முழங்கால் வருத்தக்காரி, ஓடமுடியாது. நின்ற இடத்திலிருந்து கத்தினா. கடைசியில் பிள்ளை தானாகத்தான் எழும்பி வந்தது.

"கத்தினனான், கத்தினனான், தொண்டை கிழியக் கத்தினனான்," என்று பிறகு நேசமலரின் முகத்துக்கு நேரே வந்து நின்று சொன்னா. "நீ மெசினோட இருக்கிறாய். உன்ர முதுகு தெரியுது எனக்கு. முதுகைப் பாத்துக் கத்தி என்ன பிரயோசனம் பிள்ளை?"

சிறுபோக நெல்லுக்குச் சித்திரையில் தண்ணீர் திறப்பார்கள். திறந்தால் அதே விளிம்பில் பெரியவர்களுக்கு இடுப்பளவு ஓடும். அவளுக்கு இரண்டு மாதம் இருந்தது.

சுதாகரன் வேலியை அடைத்தான். கிருசாந்தி வேறு ஓட்டை கண்டுபிடித்தாள். நாய் போகிற வழியெல்லாம் அவளுக்கும் வழி. விமலேஸ்வரி சொன்னபடி ஒருநாள் நேசமலர் பழைய சேலையால் பிள்ளையின் இடுப்பைக் கட்டி மறுநுனியை மெசின் காலில் கட்டிப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. சும்மா இருந்து சேலை நுனியைச் சப்பியது. அன்று பின்னேரமே அவிழ்த்துவிட்டாள். "ஆட்டைக் கட்டினமாதிரி இருக்கு விமலாக்கா. ஆடெண்டாலும் கத்தும்."

பிறகுதான் போனில் அந்த வீடியோவைக் கண்டாள். பிள்ளை தூரமாகப் போனால் சிவப்பு பல்பு எரிகிற ஒரு சாமான், இரண்டு சிறிய பலகை. ஒன்று சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும்; மற்றது வாங்கிக்கொண்டே இருக்கும். வாங்குவது நின்றால் பல்பு எரியும். செய்து காட்டிய பெடியனின் வாயை மைக் மறைத்திருந்தது. அவன் என்ன மொழியில் கதைத்தான் என்பது கூட அவளுக்குத் தெரியாது. அவனுடைய கையை மட்டும் பார்த்தாள். பதினேழு தடவை பார்த்தாள். சட்டை வெட்டுகிற கடதாசியின் பின்பக்கத்தில் அளவெடுப்பதுபோல் எந்தக் கம்பி பலகையின் எந்தக் காலுக்கு என்று கீறினாள். மின்சாரத்தைப் பற்றி அதுவரை அவளுக்குத் தெரிந்தது, ஈரக் கையால் சுவிச்சைத் தொடக்கூடாது என்பது.

சாமான் எடுத்துக் கொடுத்தவன் விசுவமடுவில் போன் திருத்துகிற றஸ்மி. மீசை இல்லாதவன், ஆகவே நல்லவன். பட்டியலைப் பார்த்துவிட்டு, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டான்:

"உதை ஆருக்குக் கட்டப் போறீங்கள் அக்கா, அண்ணைக்கோ?"

"அவருக்குக் கம்பி காணாது. வவுனியா வரைக்கும் நீட்டோணும்."

கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. ரகசியமாகத்தான் சொன்னாள்.

ஈயம் ஒட்டுகிற அயனை முதலில் பிடித்த நாள் மேசையில் ஒரு ஓட்டை, பெருவிரலில் ஒரு கொப்புளம். ஈயம் துளியாக நிற்காமல் காய்ந்த சளிபோல் ஒட்டியது. ஆனால் அவள் பொத்தான் துவாரம் பிரித்துப் பிரித்துத் தைத்துப் பழகியவள். உருக்கி எடுத்தாள், மறுபடி ஒட்டினாள். ஐந்தாம் நாள் சவர்க்காரப் பெட்டி இரண்டு எடுத்து, வெள்ளைப் பெட்டிக்குள் அனுப்புகிற பலகையையும் பச்சைப் பெட்டிக்குள் வாங்குகிற பலகையையும் வைத்தாள். வெள்ளைப் பெட்டிக்கு ஒரு துணிப்பை தைத்து, பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் வயிற்றுப் பக்கமாகக் கட்டினாள். பச்சைப் பெட்டி மெசினுக்கு மேலே. பிள்ளை முற்றம் தாண்டியதும் சிவப்பு எரிந்தது. நேசமலர் இரண்டு கையையும் தட்டினாள். போய்த் தூக்கிவந்து கொஞ்சினாள். பிறகு விமலேஸ்வரியோடு விளையாட அனுப்பிவிட்டுத் தைக்க இருந்தாள்.

அரை மணித்தியாலத்தில் விமலேஸ்வரி இரு காதையும் பொத்திக்கொண்டு படலையைத் தள்ளி வந்தா. பின்னால் இன்னும் நாலு பேர்.

"என்னடி உது? என்னடி உது? என்ர மாடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு நிக்குது."

வீடியோவில் பல்புக்குப் பக்கத்தில் கறுப்பாக, வட்டமாக ஒரு சின்னச் சாமான் இருந்தது. அவன் ஒட்டினான், அவளும் ஒட்டினாள். அழகுக்கு என்று நினைத்திருந்தாள். பிள்ளை அடுத்த வளவில் நின்ற அந்த அரை மணித்தியாலமும் அது வீரிட்டுக்கொண்டிருந்தது. மெசினுக்கு மேலேயே.

விஷயம் விளங்கியதும் முதலில் சிரித்தவள் நேசமலர்தான். கடைசியாகச் சிரித்து முடித்தவளும் அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஊருக்கெல்லாம் செய்து குடுத்திட்டன். இனி எனக்கொண்டு செய்யோணும்."

றஸ்மியின் கடையில் ஒரு பெட்டி நிறையச் செத்த போன்கள். ஒன்றை உடைத்து, பருப்புக்கொட்டை அளவில் ஒரு மோட்டரை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்து மின்கலத்தைத் தொட்டுக் காட்டினான். அது துடித்தது. அவள் கையை இழுக்கவில்லை.

"போன் செத்தாலும் உது சாகாது அக்கா."

அந்தத் துடிப்பை இப்போது இடது மணிக்கட்டில், துணிப்பட்டிக்குள் வைத்துக் கட்டியிருக்கிறாள். அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி சட்டைக் கைக்குள்ளால் ஏறி, இடுப்புக்கு மாற்றிய பச்சைப் பெட்டிக்குப் போகிறது. கம்பிக்காகச் சட்டைக் கைகளுக்கெல்லாம் உள்மடிப்புத் தைத்தாள். வெளியே பார்த்தால் தெரியாது.

தூரம்தான் கரைச்சல் தந்தது. அனுப்புகிற பெட்டியில் ஒரு சாண் கம்பி வாலாக நின்றால் வாய்க்காலுக்கு அங்காலும் பிடித்தது. பிள்ளை தண்ணீருக்குள் இறங்கிய பிறகு துடித்து என்ன செய்ய? வாலை வெட்ட வெட்டத் தூரம் குறையும் என்று கண்டுபிடித்தாள். அளவு நாடாவை வைத்துக் கால் அங்குலம், கால் அங்குலமாக வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் விமலேஸ்வரி வெள்ளைப் பெட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கமாக நடக்கவேணும். துடித்ததும் நேசமலர் கையை உயர்த்துவாள்.

"இன்னும் நடக்கட்டோ? முழங்கால் கழண்டு விழப்போகுது. உன்ர பிள்ளை விழமுதல் நான் விழுவன்." விமலேஸ்வரி திரும்பி நின்று கேட்டா.

"நடவுங்கோ, நடவுங்கோ. பூவரசடி மட்டும்."

"பூவரசடியில ஒரு கதிரை போட்டு வை."

அப்படி நடந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. விமலேஸ்வரி முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தால் துடிப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே துடிக்கிறது. நடுவில் உடம்பு நின்று மறைக்கிறது. பெட்டியை முதுகுப் பக்கம் கட்டினால் இந்தப் பிசகு போய்விடும் என்றா விமலேஸ்வரி.

"வேண்டாம் அக்கா. வயித்திலயே கிடக்கட்டும். என்னை விட்டிட்டுப் போகேக்க துடிக்கட்டும். என்னட்டை வரேக்க சும்மா கிடக்கட்டும்."

"அப்ப அவள் சும்மா திரும்பி நிண்டாலும் துடிக்குமெல்லே?"

"துடிக்கட்டும். வீணா ஓடலாம். ஓடாமல் இருந்திட்டு அழேலாது."

இதுதான் அவள் ஓடுகிற காரணம். பிள்ளை கொட்டிலுக்குப் பின்னால் கோழியைப் பார்க்கத் திரும்பினாலும் ஓடுகிறாள். மண் விளையாடக் குந்தினாலும் ஓடுகிறாள். சில நாட்களில் இருபது தடவை. எந்தத் துடிப்பு பொய் என்று இருந்த இடத்திலிருந்து அவள் தீர்மானிப்பதில்லை. போய்ப் பார்த்துத்தான் தீர்மானிப்பாள்.

தண்ணீர் திங்கட்கிழமை திறக்கிறார்கள் என்று விமலேஸ்வரிதான் சொல்லியிருந்தா. சனிக்கிழமை சுதாகரன் வந்து பின்வேலிக்குத் தகரம் அடிக்கிறதாக ஏற்பாடு. வியாழக்கிழமை பின்னேரம் ஒழுங்கையால் ஒரு ஓட்டோ மெதுவாகப் போனது, மேலே லவுட்ஸ்பீக்கர். நேசமலர் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பாண் விற்கிறவன் ஆக்கும் என்று நினைத்துக்கொண்டு குனிந்து தைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஆறு தடவை ஓடியிருந்தாள். ஆறும் பொய். கோழி, மண், கோழி, கொய்யாமரம், கோழி, பிறகு ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சட்டைகள் பன்னிரண்டு கிடந்தன, அடுத்த கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. ஏழாவது தடவை மணிக்கட்டு துடித்தபோது அவள் ஒரு கொலரின் வளைவில் இருந்தாள். வளைவின் நடுவில் நிறுத்தினால் தையல் கோணும். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

கொட்டிலடியில் பிள்ளை இல்லை. கொய்யாவடியில் இல்லை. கோழி மட்டும் நின்றது. மணிக்கட்டு விடாமல் துடித்தது. வேலிக்குக் கீழே புதிதாக ஒரு பள்ளம், நாய் தோண்டியது. நேசமலர் வேலியைப் பிரித்தாளா, ஏறிப் பாய்ந்தாளா என்று அவளுக்கே தெரியாது. முழங்கையில் வேலிக்கம்பி கீறியதைப் பின்னேரம்தான் கண்டாள்.

கிருசாந்தி பூவரசைத் தாண்டி, முதுகைக் காட்டியபடி, வாய்க்கால் விளிம்பில் நின்றாள். வாய்க்கால் காய்ந்திருக்கவில்லை. மண்ணிறத்தில், சருகும் வைக்கோலும் ஒரு தேங்காய்ப் பாதியும் சுமந்துகொண்டு, வேகமாக ஓடியது. பிள்ளை ஒரு செருப்பைக் கழற்றி அதற்குள் போட்டுப் பார்த்தது. செருப்பு போனது. செருப்பு போகிற வடிவைப் பார்த்துப் பிள்ளைக்குச் சந்தோஷம். மற்றச் செருப்புக்காகக் குனிந்தபோது, பின்னாலிருந்து அரைஞாண் கயிற்றில் ஒரு கை பிடித்தது.

தூக்கியதும் மணிக்கட்டு அடங்கியது.

நேசமலர் அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். திட்டவில்லை. அடிக்கவில்லை. பிள்ளையின் ஈரமில்லாத காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கால். மண் ஒட்டிய கால். ஒற்றைச் செருப்போடு தாய், ஒற்றைச் செருப்போடு மகள்.

விமலேஸ்வரி முழங்காலை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க, வந்து சேர்ந்தா.

"ஏன் பிள்ளை அவளை வெளியில விட்டனி? தண்ணி திறந்திட்டாங்களெல்லே."

"திங்கக்கிழமை எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"அதை மாத்திப்போட்டாங்கள். நேற்று ஓட்டோவில மைக்கில…"

விமலேஸ்வரி அந்த வசனத்தை முடிக்கவில்லை. கை தானாக வாய்க்குப் போனது. ஊருக்கெல்லாம் சொன்ன செய்தி. நேசமலருக்குச் சொல்லவேணும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவவுக்கும் தோன்றவில்லை.

நேசமலர் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். "வாயை மூடாதேங்கோ அக்கா. எனக்கு விளங்காது."

விமலேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தா. இப்போது ஓட்டோவில் எது அறிவித்தாலும், அது கோழிக்குஞ்சு விற்கிறதாக இருந்தாலும், அவா படலையைத் திறந்து வந்து நேசமலரின் முகத்துக்கு நேரே நின்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போவா.

தகரம் அடிக்கச் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. சுதாகரன் அன்று மதியமே பஸ் ஏறி வந்து அடித்தான். "இனி உந்தப் பெட்டியைக் கழட்டு," என்றான். நேசமலர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரம் வெயில் தணிந்தபோது கிருசாந்தி விறாந்தையில் விமலேஸ்வரியின் மடியில், வெள்ளைப் பெட்டியோடு, சோறு தின்றுகொண்டிருந்தாள். நேசமலர் முற்றத்தைத் தாண்டி, படலையைத் திறந்து, ஒழுங்கை வழியே வெறுங்காலோடு நடந்தாள். முன்வீட்டு மதிலடியில் மணிக்கட்டு துடித்தது. நின்றாள். ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள், அடங்கியது. ஒரு எட்டு முன்னால், துடித்தது. பின்னால், அடங்கியது. முன்வீட்டுக்காரி வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நேசமலர் அவவைக் கவனிக்காமல், வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு, இந்த ஒரு துடிப்புக்கு மட்டும் திரும்பி ஓடாமல், இன்னொரு எட்டு முன்னால் வைத்தாள்.