இலஞ்சி முப்பிடாதியின் பின்வரிசை

ஒருவன் தேறிவிட்டான் என்று எதை வைத்துச் சொல்வது? இலஞ்சி முப்பிடாதியின் கல்லூரிக் காலம் முழுவதும் இந்தக் கேள்வி அவன் பின்னாலேயே வந்தது. மற்றவர்களுக்குப் பதில் சுலபம்: சுந்தரபாண்டியனை வைத்துத்தான்.

சுந்தரபாண்டியன் அதே பாளையங்கோட்டைக் கல்லூரியில் முன்பு படித்தவன்; கூடைப்பந்து அணிக்குத் தலைவனாக இருந்தவன். மைதானத்தின் நடுவிலிருந்து எறிந்தாலும் பந்து வளையத்தில் விழும் என்று பேர். முப்பிடாதியோ பின்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கும் கார்டு. எறிபவனையும் தடுப்பவனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆடிச் சாரல் தொடங்கியதும் பழைய மாணவர்கள் தென்காசிக்கு வந்து இறங்குவார்கள். அங்கே வரும் கல்லூரி அணியோடு ஓர் ஆட்டம், பிறகு குற்றாலத்தில் குளியல். அந்த ஆட்டத்தைப் பார்த்தே வருடத்துக்கு ஒரு தலைவனைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். முப்பிடாதிக்கு அந்தப் பதவியின் மேல் ஆசை இருந்தது; அதை அவன் மறைத்ததுமில்லை.

முதல் வருடம், சுந்தரபாண்டியன் எறிவதுபோல் கையை உயர்த்தினாலே இவன் எம்பிக் குதித்தான். கால் தரையில் படுமுன் அவன் கடந்து போயிருப்பான்.

“ஏலே, மாங்கா பறிக்கியோ?” என்று வெற்றிலைக் கடை பலவேசம் கத்தினார். கூட்டம் சிரித்தது.

அடுத்த வருடம் முப்பிடாதி குதிக்கவில்லை, இடித்தான். தவறுகள் மிகுந்து பாதியிலேயே வெளியேற்றப்பட்டான்.

“போன வருசத்துக்கு இது தேவல. பய உக்காரப் படிச்சிட்டான்” என்றார் பலவேசம்.

மூன்றாம் வருடம், 1937-இல், அவன் சுந்தரபாண்டியனின் கைகளைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தான். கை ஏமாற்றும்; இடுப்பு திரும்பிய பக்கம்தான் ஆள் போவான். குற்றாலத்து வழுக்குப் பாறைகளில் இறங்குகிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்று சிலர் சொன்னார்கள். நம்பும்படியாக இல்லை. தோற்றுத் தோற்றுக் கற்றிருப்பான்.

சாரலில் நனைந்து தோல்பந்து கனத்திருந்தது. சுந்தரபாண்டியன் வலப்பக்கம் போனான். முப்பிடாதி அங்கே நின்றான். அவன் இடப்பக்கம் திரும்பினான், இவன் அங்கும் நின்றான். கடைசியில் சுந்தரபாண்டியன் சலித்துப்போய்த் தூரத்திலிருந்தே எறிந்தான். பந்து வளையத்தைத் தொடவில்லை. பழைய மாணவர்கள் தோற்றார்கள். பலவேசம் ஒரு வெற்றிலையை மடித்துத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சுந்தரபாண்டியன் அவனைக் கூப்பிட்டான்.

“ஏலே, நீதான் இனி தலைவன்னு பேசிக்கிடுதாவ. முன்னால வந்து ஆடு. தலைவனா இருந்தவன்லாம் முன்வரிசைலதான் நின்னிருக்கோம். எறியதுக்கு நான் சொல்லித் தாரேன். ரெண்டே மாசத்துல என்னய மாதிரி ஆயிருவ.”

“அண்ணாச்சி, கண்ணுல எண்ண வடியுது. மொதல்ல தொடைங்க.”

“பின்னால நிக்கவன் பேர எவம்லே சொல்லுவான்?”

முப்பிடாதி சிரித்துவிட்டு அருவிக்குள் போனான்.

தலைவனும் ஆனான். பின்னாளில் தென்காசித் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது, தலைவனாக அவன் ஆடிய முதல் ஆட்டத்தைப் பற்றிப் பலவேசம் கேட்டிருக்கிறார். முப்பிடாதி வெற்றிலையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

தூத்துக்குடி அணியோடு நடந்த ஆட்டம் அது. முன்வரிசையில் தலைவனுக்கென்று இடம் விட்டு எல்லோரும் நின்றார்கள். முப்பிடாதி அந்த இடத்தில் அணித்தோழன் அய்யாக்குட்டியை நிறுத்தினான். திரும்பி நடந்து, தங்கள் வளையத்துக்கு முன்னால் முழங்காலை மடக்கி நின்றுகொண்டான்.