இரண்டாவது ஸ்கேன்

எண்பதுகளில், புனேயில், என் புராஸ்டேட்டை இரண்டு விதமாக அளந்தார்கள். வயிற்றின்மேல் கருவியை வைத்துப் பார்த்தபோது அது மிகப் பெரிதாகத் தெரிந்தது. அத்தனை பெரிதென்றால் வயிற்றைக் கிழித்துத்தான் ஆபரேஷன். "ஆசனவாய் வழியாகவும் பார்த்துவிடலாம். அந்த அளவை இன்னும் அதிகமாக நம்பலாம்," என்றார் மராட்டிய டாக்டர். வயிறு தப்பிக்குமென்றால் மானம் போகட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆனால் டாக்டருக்கு உதவ வந்த நர்ஸ், கட்கி தமிழ்ச் சர்ச்சில் எனக்கு முன்வரிசையில் உட்காரும் எஸ்தர். எங்கள் கண்கள் சந்தித்தன. வயிறே கிழியட்டும், எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"லம்பீ ஸான்ஸ் லீஜியே, சாப்," என்று இந்தியில் மூச்சை இழுத்துவிடச் சொன்னாள், தமிழே தெரியாதவள்போல. நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

டாக்டர் திரையில் அளந்தார். மறுபடியும் அளந்தார். கடைசியில், "அவ்வளவு பெரிதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே எடுத்துவிடலாம்," என்றார்.

அடுத்த ஞாயிறு, சர்ச் வாசலில் என் மனைவியின் எதிரிலேயே எஸ்தர் வந்து நின்றாள்.

"என்னண்ணே, பாத்து ரொம்ப நாளாச்சே. சொகமா இருக்கீயளா?"

"ஆமாம்மா, ரொம்ப நாளாச்சு," என்றேன்.

என்னிடம் எத்தனையோ பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை மரியாதையோடு யாரும் சொன்னதில்லை.